கர்னல் ஹெய்க்குராவின் சிவப்பு வாணம்

கர்னல் ஆர்னோ ஹெய்க்குரா வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால் நாலடி நடப்பார், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் சில நாள் இறங்குவார். அவர் மனைவி லஹ்யா பக்கத்து இருக்கையில் கையுறையை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து காத்திருக்கிறார்.

"பூட்டு அங்கேயே இருக்கா? ஓடிப்போகலையே?" என்று கேட்பார்.

"இருக்கு, இருக்கு."

"அப்ப கிளம்பு. ரஷ்யாக்காரன் வந்தா அவனே பூட்டை இழுத்துப் பார்த்துக்கட்டும்."

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆர்னோவின் அப்பா சாலைப் பணியாளர். படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுகிற ஆள். அம்மா பால்பண்ணையில் வேலை பார்த்தவர், எதற்கும் அசராதவர். ஆர்னோவின் கண்ணெதிரே யாரும் செத்ததில்லை, வீடு எரிந்ததில்லை. சொல்லப்போனால் எதுவுமே நடக்கவில்லை. இருந்தாலும், ஏதோ ஒன்று நடக்கப் போகிறது என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்தே அவர் வயிற்றில் ஒரு கல்லைப் போலக் கிடந்தது.

கட்டாய ராணுவச் சேவையில் சேர்ந்த வருஷம், துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை மற்றவர்கள் ஒரு தடவை பார்த்தார்கள் என்றால் இவர் இரண்டு தடவை பார்த்தார். அதைக் கவனித்த சார்ஜன்ட் "இவன் ஜாக்கிரதையான பையன்" என்று மேலே சொன்னார். உள்ளே நடுங்குகிறவனை ஜாக்கிரதையானவன் என்று எடுத்துக்கொள்கிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதென்றால் அது ராணுவம்தான் என்று ஆர்னோவுக்கு அன்றைக்குப் புரிந்தது. அங்கேயே தங்கிவிட்டார். லெப்டினன்ட் ஆனார், கேப்டன் ஆனார். லெபனானில் அமைதிப்படையில் இருந்தபோது தினமும் சாயங்காலம் வண்டி வண்டியாகப் போய்க் கதவுகளைத் தொட்டுப் பார்ப்பார். அவரிடம் வேலை செய்த ஒருவன்கூடச் சவப்பெட்டியில் வீடு திரும்பியதில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்குப் பதக்கம் கிடையாது. பதவி உயர்வு மட்டும் வந்துகொண்டே இருந்தது. மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல். கடைசியில் ரஷ்ய எல்லையை ஒட்டிய கைனூ வட்டாரத்தில் ஒரு படைப்பிரிவே அவர் கைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு வந்து சேர்ந்த பையன்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் அம்மா இருக்கிறாள் என்ற நினைப்பு அவரை விட்டு ஒரு நாளும் போனதில்லை.

பையன்கள் அவருக்கு வைத்த பேர் "ரெண்டு தடவை ஹெய்க்குரா". எதையும் இரண்டு தடவை கேட்பார், இரண்டு தடவை சொல்வார். அந்தப் பேர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

ஜெனரல் காதுக்கும் எட்டியிருந்தது. வடக்குப் பகுதி முழுவதற்கும் மேலதிகாரியான லெப்டினன்ட் ஜெனரல் சர்வான்தோ அந்த இலையுதிர் காலத்தில் பார்வையிட வந்தபோது, ஆர்னோவைத் தனியாக நடக்கக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். உயரமானவர், குனிந்து குனிந்து பேசுவார்.

"ஹெய்க்குரா, ஜூன் மாசப் பட்டியல்ல உங்க பேரைச் சேர்க்கணும்னு எனக்கு ஆசை. ஜெனரல் ஆகவேண்டிய ஆள் நீங்க."

"நன்றி சார்."

"ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. இவர் நம்மளை நம்பறதே இல்லன்னு உங்க அதிகாரிங்க நினைக்கிறாங்க. ஒரு ஆணையை ஒரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டு அதை விட்டுடுங்க. மார்ச்ல குளிர்காலப் பயிற்சிக்கு நானே வர்றேன். அதைத்தான் பார்க்கப்போறேன்."

ஆர்னோ அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழகினார். வீட்டில்கூடப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை "காப்பி குடுக்கிறியா" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நாளிதழை விரித்தார். லஹ்யா இடத்தைவிட்டு அசையவில்லை.

"கேட்டேனே லஹ்யா."

"இப்பத்தான் கேட்ட மாதிரி இருக்கு. மொத தடவை நீ சும்மா ஒத்திகை பார்க்கிறேன்னு நினைச்சேன்."

சிரித்தார்கள். ஆனால் பின்னால் லஹ்யா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவர் நாளிதழின் ஒரே பக்கத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் எழுத்தில் இல்லை.

மார்ச் வந்தது. பயிற்சியின் கடைசிக் கட்டம் சார்கியார்வி ஏரியில். குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கிற நீளமான ஏரி, நடுவில் ஓர் இடத்தில் இடுப்புப் போல ஒடுங்கும். இடுக்கு என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். திட்டப்படி, வியாழக்கிழமை காலையில் லெப்டினன்ட் கர்னல் யோக்கோ தோலனனின் பட்டாலியன் அந்த இடுக்கின் மேல் லாரிகளோடு ஏரியைக் கடந்து, எதிர்க்கரைக் குன்றை "எதிரி"யிடமிருந்து பிடிக்க வேண்டும். ஜெனரல் அந்தக் குன்றின் மேலிருந்தே பார்ப்பார். ஏரியைக் கடக்காமல் வடக்கே ரோட்டு வழியாகச் சுற்றியும் வரலாம். ஆனால் இரண்டு மணி நேரம் கூடும், எதிரியும் பார்த்துவிடுவான். பொறியியல் பிரிவு பனியைத் துளைத்து அளந்திருந்தது. அறுபது சென்டிமீட்டர். லாரிக்குத் தாராளமாகப் போதும்.

அதற்கு முதல்நாள் சாயங்காலம் சவுனா என்கிற நீராவிக் குளியல் கூடாரத்தில் அனல் மூட்டினார்கள்.

சவுனாவுக்குள் யாரும் கர்னல் இல்லை, கேப்டன் இல்லை. வாசலில் சட்டையோடு பதவியும் கழன்றுவிடும். எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ, வா, போதான். அங்கே யாரும் ஆணை போடுவதில்லை. பலகையில் உட்கார்ந்து பேசியதை யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போவதும் இல்லை. இது எங்கும் எழுதிவைத்த விதி இல்லை. எழுதிவைத்த விதிகளை மீறுகிறவர்கள்கூட இதை மீறமாட்டார்கள்.

மேல்பலகையில் ஆர்னோ, யோக்கோ தோலனன், ஏலிஸ் பீரைனன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏலிஸ் பயிற்சிக்காக அழைக்கப்பட்ட ரிசர்வ் கேப்டன், ஊரில் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். வாயைத் திறந்தால் பாதி நிஜம், பாதி கதை.

"நாளைக்கு நீங்க எல்லாரும் ஏரிக்குள்ள மீன் பிடிக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். லாரியோட," என்றார் ஏலிஸ்.

"வாயை மூடுறா. கல்லுல தண்ணியை ஊத்து," என்றார் யோக்கோ.

ஏலிஸ் அகப்பையால் ஊற்றினார். ஆவி சீறிக் காதுமடலைக் கடித்தது.

"இல்லப்பா, நிஜமாத்தான் சொல்றேன். என் மச்சினன் போன வாரம் இடுக்குப் பக்கம் வலை வெச்சானாம். பனி மேல தண்ணி ஏறி நின்னுச்சாம். அடியில நீரோட்டம் இந்த வருஷம் ஜாஸ்தின்னான்."

"உன் மச்சினன் போன வருஷம் கரடியைக் கையால அறைஞ்சவன்தானே?"

"அது வேற மச்சினன்."

யோக்கோ தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆர்னோ சிரிக்கவில்லை. வயிற்றில் கிடந்த கல் புரண்டது. பனிமேல் தண்ணீர் என்றால் அடியில் பனி மெலிந்து கிடக்கலாம். சும்மா மேலே பெய்த பனியின் பாரத்தாலும் தண்ணீர் ஏறலாம். இல்லையென்றால் மச்சினன் வலையே வைக்காமல் இருந்திருக்கலாம். வெளியே போய், உடுத்திக்கொண்டு, முறைப்படி சொல்கிற வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"யோக்கோ," என்றார், குரலை லேசாக வைத்துக்கொண்டு, "நாளைக்கு இடுக்கு வேணாம். வடக்கால சுத்திப் போயிடு."

யோக்கோ துடைத்துக்கொண்டிருந்த முகத்தை நிமிர்த்தவில்லை. "சரி," என்றார். அப்புறம் ஏலிஸிடம் திரும்பி, "அந்தக் கரடி என்னடா ஆச்சு?" என்றார்.

ஆர்னோவின் உடம்பிலிருந்து பாரம் இறங்கியது. சொல்லியாயிற்று. பிறகு உடுத்திக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே நின்றபோது யோக்கோ விறைப்பாக சல்யூட் அடித்து, "காலையில பார்க்கலாம் சார்," என்றார். வடக்கு வழிதானே என்று கேட்க ஆர்னோவின் வாய் திறந்தது. ஒரு தடவை சொல்லுங்க, சொல்லிட்டு விட்டுடுங்க. ஜெனரலின் குரல் காதுக்குள் கேட்டது. வாயை மூடிக்கொண்டார். ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்த பெருமையோடு போய்ப் படுத்தார்.

யோக்கோவின் பக்கத்தில் நின்று பார்த்தால் நடந்தது இவ்வளவுதான்: சவுனாவில் உட்கார்ந்து ஆர்னோ கவலைப்பட்டான். ஆர்னோ எப்போதும் கவலைப்படுவான். கவலைப்படுகிற நண்பனிடம் "சரி" என்று சொல்லி வைப்பது மரியாதை. வெளியே வந்த பிறகு கர்னல் ஒன்றும் சொல்லவில்லை. ஆணை என்றால் கர்னல் சொல்லியிருப்பார், அதுவும் இரண்டு தடவை. அம்மணமாக உட்கார்ந்திருந்த மனிதனின் பேச்சை வெளியே எடுத்துவந்து திட்டத்தை மாற்றினால், அதைவிட அசிங்கம் வேறில்லை. யோக்கோ நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழன் காலை வெயில் சுள்ளென்று அடித்தது, குளிரும் விடவில்லை. எல்லாரும் சட்டைக்கு மேல் வெள்ளைப் பனியங்கி போட்டிருந்தார்கள். குன்றின் மேல் ஜெனரலுக்கு ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். கீழே மறைவில் சமையல் வண்டிகளில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வயர்லெஸ் மௌனம். அதுவும் பயிற்சியில் சேர்த்திதான், குன்றைப் பிடிக்கிற வரைக்கும் யாரும் யாரோடும் பேசக்கூடாது.

"எப்ப எதிர்பார்க்கலாம்?" என்றார் சர்வான்தோ.

"சுத்திட்டு வர்றாங்க சார், கொஞ்சம் நேரமாகும்..."

"சுத்திட்டா? அதோ வந்துட்டாங்களே." ஜெனரல் பைனாகுலரைத் தூக்கினார்.

ஏரிக்கு அந்தப் பக்கக் காட்டிலிருந்து ஒரு லாரியின் மூக்கு வெளியே நீண்டது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. பனிமேல் இறங்கி, வரிசையாக, நேராக இடுக்கை நோக்கி.

சொன்னோமே என்று நினைத்தார் ஆர்னோ. சவுனாவில் சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. எங்கே உட்கார்ந்து சொன்னோம் என்று அதுவரைக்கும் அவர் யோசித்தே பார்க்கவில்லை.

வயர்லெஸ்ஸை எல்லாரும் அணைத்து வைத்திருந்ததால் நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சிப் பாதுகாப்பு அதிகாரியின் இடுப்பில் வாணத் துப்பாக்கி இருந்தது. சிவப்பு வாணம் ஏறினால் பயிற்சி முடிந்தது, நிஜமாகவே உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். பார்த்தவன் பார்த்த இடத்தில் நிற்க வேண்டும். ஜெனரல் நேரில் வந்து பார்க்கிற நாளில், பாட்டு வாத்தியாரின் மச்சினன் சொன்னதாகச் சொன்ன பேச்சை நம்பி சிவப்பு வாணம் விடுகிற தளபதிக்கு ஜூன் மாதப் பட்டியலில் இடமில்லை.

அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அவரைக் கட்டிப்போட்டது வேறு. பூட்டு பூட்டித்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும். துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும். ஐம்பத்து மூன்று வயதுவரை அந்தப் பயம் சொன்னது ஒன்றுகூடப் பலித்ததில்லை. எப்போதும் அலறிக்கொண்டே இருக்கிற மணி, நிஜமாகவே தீப்பிடித்த அன்றைக்கு எப்படி அலறும்? அதே மாதிரிதான் அலறும். இதில் எந்தப் பயம் நிஜம் என்று அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? அறுபது சென்டிமீட்டர் என்று அளந்து சொன்னவர்கள் முட்டாள்களா?

முதல் லாரி கரையைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. பின்னால் வருகிற சின்னப்பையன் டிரைவர்கள் அவசரத்தில் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். லாரிக்குப் பின்னால் லாரி, ரயில் பெட்டி மாதிரி.

"அழகா வர்றாங்க ஹெய்க்குரா," என்றார் ஜெனரல்.

ஆர்னோ கையை நீட்டினார். "வாணத்தைக் குடு."

"சார்?"

"குடுய்யா!"

சிவப்பு வாணம் நீல வானத்தில் ஏறி, ஒரு கணம் தொங்கி, இறங்கியது.

லாரிகள் நின்றன. அவை நின்ற பிறகுதான் ஆர்னோவுக்கு இன்னொன்று உறைத்தது. ஓடுகிற லாரியைவிட நிற்கிற லாரிதான் பனிக்குப் பாரம். ஒருவேளை தாண்டிப் போயிருப்பார்களோ என்னவோ, இப்போது தானே அவர்களை இடுக்கின் வாயில் நிறுத்திவிட்டோம். "இறங்கு, இறங்கு, இறங்கு," என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. கீழே யோக்கோவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கதவுகள் திறந்தன. பையன்கள் குதித்து, கடுகைக் கொட்டியது போலப் பனிமேல் நாலாபக்கமும் சிதறி ஓடினார்கள். ஏரி முனகியது. எந்த ஏரியும் மார்ச் மாதத்தில் முனகும். ஒன்றும் உடையவில்லை.

லாரிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்திக் கரையேற்றிவிட்டு, பொறியியல் பிரிவு மறுபடியும் துளைத்தது. பழைய துளைகள் பக்கத்தில் அறுபது. கொஞ்சம் தள்ளி ஐம்பது. இடுக்கின் நடுவில், முன்பு துளை போடாத ஓர் இடத்தில், நாற்பதுக்கும் கீழே. அதிலும் மேல்பாதி நனைந்துபோன பனி.

"சரியான இடைவெளி விட்டா இது தாங்கும்," என்றார் அளந்த கேப்டன். "ஆனா இவங்க வந்த நெருக்கத்துல... சொல்ல முடியாது சார். தாங்கியிருக்கலாம். தாங்காமப் போயிருக்கலாம்."

இந்தப் பதில்தான் ஆர்னோவுக்கு ஆயுசுக்கும் கிடைத்த பதில். இதற்கு மேல் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

ஜெனரல் அவரையும் யோக்கோவையும் கரையோரமாகக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஹெய்க்குரா, உங்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கணும். எப்ப வந்தது, யார் குடுத்தது?"

யோக்கோவின் முகம் வெளுத்தது. நேற்றுச் சாயங்காலம் தனக்கு ஆணை கொடுக்கப்பட்டது என்று கர்னல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யோக்கோ கதை முடிந்தது. ஏலிஸின் பேரைச் சொன்னால் ஏலிஸ் கதையும் முடிந்தது. பலகையில் பேசியது வெளியே வந்துவிடும்.

"தகவல் எதுவும் இல்லை சார்," என்றார் ஆர்னோ.

"அப்புறம் எதை வெச்சு நிறுத்தினீங்க?"

ஆர்னோ பனியைப் பார்த்தார். ஒரு வார்த்தை இருந்தது. லஹ்யாவிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. ஜாக்கிரதை, கவனம், முன்யோசனை என்று அதற்கு ராணுவம் வேறு வேறு உடுப்பு மாட்டிவிட்டிருந்தது.

"பயந்துட்டேன் சார்."

"என்னது?"

"பயமா இருந்தது. அவ்வளவுதான்."

சர்வான்தோ பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினார். "ஒரு வேளை நீங்க பண்ணது சரியா இருக்கலாம். ஆனா ஹெய்க்குரா, இதை நான் எப்படி எழுதறது?"

"அப்படியே எழுதிக்கோங்க சார்."

ஜெனரல் குன்றுக்குப் போனதும் யோக்கோ தொண்டையைச் செருமினார். "நேத்து நீங்க சொன்னது... நான் அதை ஆணைன்னு எடுத்துக்கலை சார். சவுனால சொன்னதாத்தான்..."

"தெரியும். தப்பு என்னுது. அங்க உக்காந்து அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் போய் ஜெனரல்கிட்டச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்வீங்க? கர்னல் அம்மணமா உக்காந்து ஆணை போட்டார், நான் முகத்தைத் துடைச்சுக்கிட்டே கேட்டேன்னா?"

யோக்கோவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "உங்களுக்கு ஜூன்ல..."

"போங்க யோக்கோ. பசங்களை வடக்கால கூட்டிட்டு வாங்க. சாப்பிடட்டும்."

ஜூனில் பட்டியல் வந்தது, அதில் அவர் பேர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடலாம். மூன்று வருஷம் கழித்து கர்னலாகவே ஓய்வு பெற்றார். அந்தப் பட்டியல் வந்த அன்று லஹ்யா, "உனக்கு வருத்தமா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு," என்றார் ஆர்னோ. உண்மைதான், இருந்தது. ஆனால் அது பயம் மாதிரி இல்லை, ஒரு நாள் தணிகிற வலி.

வியாழக்கிழமை மத்தியானம் லாரிகள் வடக்கு ரோட்டைச் சுற்றிக் குன்றடிக்கு வந்தன. ஆர்னோ தனியாக இறங்கிப் போய் ரோட்டோரத்தில் நின்றார். வெள்ளை அங்கி போட்டவர்களில் யார் கர்னல், யார் சமையல்காரர் என்று எவனுக்கும் தெரியாது. திருப்பத்தில் ஒரு லாரி வேகம் குறைத்து நின்றது. பின்னாலிருந்து மூக்கு சிவந்த ஒரு பையன் தலையை நீட்டினான்.

"யோவ் பெரியவரே, சூப் மிச்சம் இருக்கா, இல்ல அந்த ஜெனரல் குடிச்சிட்டாரா?"

"இருக்கு. சூடா இருக்கு."

"ரெண்டு மணி நேரம் குலுங்கிக் குலுங்கி எலும்பே கழண்டுபோச்சு. எவனோ ஒரு கோழை மேல நின்னு வாணம் விட்டானாம். பனி இரும்பு மாதிரி இருந்துச்சு தெரியுமா? நாங்க தாண்டியிருப்போம்."

உள்ளே இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இன்னொருவன் ஆர்னோவின் அம்மாவையும் சேர்த்து ஏதோ சொன்னான். எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் கோபம், எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது. ஆர்னோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"தாண்டியிருப்பீங்க," என்றார். "இருக்கலாம்."

"ஆமா, உம்மை யாரு இந்தக் குளிர்ல இங்க நிக்க வெச்சது?"

"யாரும் இல்லப்பா. நானாத்தான் நிக்கிறேன்."

லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. அடுத்தது வந்தது.